லென்ஸில் விழுந்த பவுடர்

பூமியில் ஒரு சூரியனை உண்டாக்கும் முயற்சியை முகப் பவுடரால் கெடுத்தவன் நான். (முழுச் சூரியன் இல்லை, அதற்கான ஒரு சின்னப் பரிசோதனை. அதைக் கெடுக்கவும் ஆள் வேண்டுமே.)

அப்போது ஹைதராபாத்தில் ஒரு லேசர் ஆய்வுக்கூடத்தில் நான் டெக்னீஷியன். துளியூண்டு எரிபொருள் உருண்டையை லேசரால் எல்லாப் பக்கமும் அடித்து நசுக்கினால், அணுக்கள் ஒன்று சேர்ந்து ஆற்றல் வரும். வெளிநாட்டில், அடித்த ஒளியைவிட அதிக ஆற்றலையே எடுத்துவிட்டார்கள். நாங்கள் அந்த அளவுக்கெல்லாம் இல்லை. ஒரே ஒரு லேசரால் மெல்லிய அலுமினியத் தாளை அடித்து, அது எப்படிச் சிதறுகிறது என்று பார்ப்போம். அதுதான் மாலினியின் ஆராய்ச்சி. ஹைதராபாத்திலேயே, ராமச்சந்திராபுரம் டவுன்ஷிப்பில் வளர்ந்த தமிழ்ப் பெண். அவளுக்கு இன்னும் பத்து ஷாட் வேண்டும் (லேசரை ஒரு முறை அடித்தால் ஒரு ஷாட்). உதவித்தொகை அந்த மாதத்தோடு முடிகிறது.

அன்று நிபுணர் குழு ஒன்று பார்வையிட வந்தது. போட்டோ எடுப்பார்கள் என்று வீட்டில் உளறிவிட்டேன். மெட்டுகுடாவில் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கானாலும் சரி, ரேஷன் கடைக்கானாலும் சரி, பவுடர் போடாமல் அம்மா யாரையும் வாசல் தாண்ட விடமாட்டாள். முகம், கழுத்து, காலருக்கு உள்ளே என்று அப்பிவிட்டாள்.

"எண்ணெ வழியுதுடா எட்வின். பெரிய பெரிய ஆளுங்க வர்றாங்க."

லேசர் அறைக் கதவில் பவுடர் கூடாது என்று மூன்று மொழியில் எழுதியிருக்கும். அது பெண்களுக்கான விதி என்று நினைத்திருந்தேன். (படித்தவன்தான்.) ஒரு பேச்சுக்கு முகத்தை மட்டும் கழுவினேன். வாரிய முடி கலைந்துவிடும் என்று தலைக்குப் போடும் உறையையும் கழற்றிவிட்டேன். பிறகு, கண்ணாடிக்கு வெளியே நின்ற போட்டோக்காரருக்காக, மாலினி துடைத்து வைத்திருந்த லென்ஸின் மேல் விஞ்ஞானி மாதிரி குனிந்து நின்றேன்.

முதல் ஷாட்டிலேயே டப்பென்று ஒரு சத்தம். லென்ஸில் தூசி இருந்தால் அந்த ஒளி சும்மா விடாது, தூசியோடு லென்ஸையும் எரித்துவிடும். நடுவில் வெள்ளையாக ஒரு குழி, அதைச் சுற்றி விரிசல். மாற்று லென்ஸ் வர எட்டு மாதம் ஆகும் என்றார்கள்.

துடைத்தது மாலினி என்பதால் விளக்கக் கடிதம் அவளிடம் கேட்டார்கள். மூன்று நாள் நான் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் என்னை நானே அறையத் தோன்றுகிறது. நான்காம் நாள் இயக்குநரிடம் ஒப்புக்கொண்டுவிட்டு, மாலினியிடம் போய் நின்றேன்.

"மூணு நாளா நான்தான் சரியா துடைக்கலைன்னு நெனச்சிட்டிருந்தேன் எட்வின்" என்றாள்.

"நான் எழுதித் தர்றேன். உனக்கு டைம் கேக்கலாம்."

"நக்கோ, வேணாம். விடு."

அவள் ஆராய்ச்சியை விட்டுவிட்டு ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தாள். என்னை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. பாழான லென்ஸை மட்டும் என் மேசை மேல் கொண்டுவந்து வைத்தார்கள்.

இப்போதும் லேசர் அணுச்சேர்க்கையில் எங்கோ முன்னேற்றம் என்று டிவியில் செய்தி வந்தால், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ரிட்டையரான அப்பா சத்தத்தைக் கூட்டுவார்.

"பாத்தியா, அந்த ஊர்ல யாருக்கும் அம்மா பவுடர் போட்டு விடல."

எல்லோரும் சிரிப்போம். அம்மா மட்டும் சிரிக்க மாட்டாள். அந்தப் பொண்ணு இப்போ எப்படி இருக்கா என்று என்னைக் கேட்பாள். ஒவ்வொரு முறையும் கேட்பாள். நல்லா இருக்கா என்பேன். நான் விசாரித்ததே இல்லை.