விதி எண் பதினெட்டு

மடிப்பு மாஸ்டர் கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் ஒரு கைக்குட்டையைக்கூட மடித்ததில்லை. பன்னிரண்டு வருஷம்! சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். மனிதருக்கு உத்தியோகமே மடிப்பதுதான். ஊருக்கு வெளியே, விமானத்திலிருந்து ஆட்கள் குதிக்கிற மைதானம் ஒன்று இருக்கிறது. அங்கே நீளக் கொட்டகையில், கம்பளத்தின் மேல் முட்டி போட்டபடி பாரசூட் மடிக்கிறவர் அவர். குடை என்றுதான் அங்கே சொல்வார்கள். நாளொன்றுக்குப் பதினைந்து குடை. கயிற்றைக் கயிறாகப் பிரித்து, துணியைத் துணியோடு சேர்த்து, காற்றை முழங்கையால் அழுத்தி வெளியே தள்ளி, ஒரு அறை நிறைய இருந்த சமாசாரத்தை ஒரு முதுகுப்பைக்குள் அடக்கி, வாயை ஓர் ஊசியால் பூட்டிவிடுவார். அவர் ஒழுங்காக மடித்தால் மேலே போனவர் மிதந்து வருவார். இல்லாவிட்டால் மேலே போனவர் மடிந்து வருவார். ஒரு ‘த்’துக்கும் ஒரு ‘ந்’துக்கும் நடுவில்தான் ஊரார் உயிர் ஊசலாடுகிறது என்று மாஸ்டர் மார்தட்டிக்கொள்வார்.

அப்பேர்ப்பட்ட கை வீட்டில் மட்டும் ஏன் மடிக்கவில்லை? அதற்கு ஒரு விதி இருந்தது. கல்யாணமான முதல் வாரத்தில் பிறந்த விதி. புது மனைவி அன்றைக்குக் காய்ந்த போர்வையின் இரண்டு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டை இவர் பக்கம் நீட்டினாள்.

“இந்தப் பக்கம் பிடிங்க.”

மாஸ்டர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். “எனக்கு அனுமதி இல்ல.”

“யாரு தரணும் அனுமதி?”

“பாதுகாப்பு விதிம்மா. எண் பதினெட்டு. பாரசூட் மடிக்கிறவங்க வீட்ல வேற துணி எதையும் மடிக்கக் கூடாது. கைப்பழக்கம் மாறிடும்.”

“மாறினா என்ன?”

“என்னவா? போர்வைன்னு நினைச்சுக் குடையை நாலா மடிச்சுட்டேன்னு வை. போட்டுக்கிட்டுக் குதிக்கிறவர் எட்டா மடிவாரு. அந்தப் பாவம் யாரைச் சேரும்? பிடிங்கன்னு சொன்ன உன்னைத்தான்!”

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு போர்வையின் நடுவைத் தாடைக்குக் கீழே இடுக்கிக்கொண்டு தனியாகவே மடித்தாள். அன்றிலிருந்து அப்படியே.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த அம்மாளுக்கும் வேலை மடிப்பதுதான். பெரிய தங்கும் விடுதி ஒன்றின் துணி அறையில் நாளொன்றுக்கு இருநூறு படுக்கை விரிப்பு மடிப்பாள். அங்கே இருநூறை மடித்துவிட்டு வந்து, இங்கே இவருடைய சட்டை, இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்பு, தலையணை உறை எல்லாவற்றையும் மடிப்பாள். மாஸ்டர் நாற்காலியில் சாய்ந்து கொண்டு, “காலர் கசங்குது பாரு” என்று வழிநடத்துவார்.

மைதானத்தின் வாசல் பலகையில் விதிகள் வரிசையாக எழுதியிருக்கும். ஓடுகிற விமானத்தின் முன்பக்கம் போகாதே. காற்று மிஞ்சினால் குதிக்காதே. மேகம் தரையை மறைத்தால் குதிக்காதே. குறித்த உயரத்துக்குக் கீழே வந்தபின் யோசிக்காதே, இழு. உன் முதுகு ஊசியை இன்னொருவர் கண்ணால் பார்க்கட்டும். இப்படிப் போய்க் கடைசி விதி: சட்டைப் பையில் எதையும் வைத்துக்கொண்டு குதிக்காதே.

அது பதினேழாவது. அதற்குக் கீழே வெறும் பலகை.

பன்னிரண்டு வருஷம் வண்டி ஓடியது. ஒரு நாள் பாதுகாப்பு அதிகாரி கொட்டகைக்கு வந்தார். அறுபது வயது அம்மாள், ஆயிரம் தடவைக்கு மேல் குதித்தவர். ஊசியம்மா என்று பேர். யாரைக் கண்டாலும் வணக்கம் சொல்வதற்கு முன்னால் முதுகைத் திருப்பச் சொல்லி ஊசியைப் பார்ப்பார்.

“வர்ற மாசம் குடும்ப நாள். எல்லாரும் வீட்ல இருக்கறவங்களைக் கூட்டிட்டு வாங்க. விதி ஒண்ணுவிடாம நானே படிச்சுக் காட்டறேன். நீங்க என்ன வேலை பாக்கறீங்கன்னு அவங்களுக்கும் தெரியட்டும்!”

மாஸ்டரின் கண் வாசல் பலகைப் பக்கம் ஓடியது. ஒண்ணுவிடாம! வீட்டில் சொன்னபோது மனைவி துணி மடித்தபடியே, “அப்படியா? உங்க விதியை எல்லாம் கேக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை” என்றாள்.

அந்த வாரம் மாஸ்டர் சரியாகச் சாப்பிடவில்லை. யோசித்து யோசித்து நாலாம் நாள் துள்ளி எழுந்தார். பொய்யை மறைப்பது கஷ்டம். மெய்யாக்கிவிட்டால்? ஒரு முழுத்தாள் எடுத்தார். ‘பாரசூட் மடிப்பவர் தமது இல்லத்தில் பிற துணி எதனையும் மடித்தல் ஆகாது’ என்று முத்து முத்தாக எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டு, ஊசியம்மா முன்னால் வைத்தார்.

“இது எதுக்கு?”

“அம்மா, கைக்குன்னு தனியா ஒரு ஞாபகம் இருக்கு. எனக்கு நடந்துச்சு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, போர்வை மடிச்சேன். மறுநாள் குடையை எடுத்தா கை தானா நாலு மூலையைத் தேடுது! மூணு ராத்திரி எனக்குத் தூக்கமில்ல.”

கயிறு திரிப்பதில் மாஸ்டருக்கு நிகர் மாஸ்டர்தான். ஊசியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். கண் கலங்கியிருந்தது.

“இத்தனை வருஷமா எனக்குத் தோணலையே! பலகையில ஏத்தறேன். இன்னொண்ணு. இவ்வளவு பொறுப்பான ஆளு முட்டி போட்டு உக்காந்திருக்கக் கூடாது. நாளையிலேருந்து நீங்க பரிசோதகர். நீங்க மடிக்க வேண்டாம். மத்தவங்க மடிச்சதைப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க.”

மாஸ்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரே கல்லில் விதியும் விழுந்தது, பதவியும் விழுந்தது! கொட்டகையில் ஒரே கொண்டாட்டம். “அண்ணே, நீங்க தெய்வம்ணே” என்று இரண்டு பையன்கள் கையைக் குலுக்கினார்கள். அங்கே மடிக்கிற ஒரே பெண்மணி மட்டும் விதியை இரண்டு தடவை படித்துவிட்டு, “இன்னிக்கு எங்க வீட்டுக்காரர் மாட்டினார்” என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை மாஸ்டர் கொஞ்சம் கவனித்திருக்கலாம். பதவி கண்ணை மறைத்துவிட்டது.

வீட்டுக்குள் நுழையும்போதே குரல் ஒரு படி மேலே இருந்தது. “யாருன்னு நினைச்சே? பரிசோதகர்!”

“அப்படீன்னா?”

“இனிமே நான் மடிக்கிறவன் இல்ல. மடிக்கிறவங்களை மேய்க்கிறவன்.”

“ஒரு குடைகூட மடிக்க மாட்டீங்களா?”

“விரல் படாது!”

“சத்தியமா?”

“அட, சத்தியமா!”

“ரொம்ப சந்தோஷங்க” என்றாள் மனைவி. அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை மாஸ்டர் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

குடும்ப நாள் வந்தது. வெயில் பளிச்சென்று அடித்தது. காற்று வாலைச் சுருட்டிக்கொண்டு கிடந்தது. ஊசியம்மா பலகைக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு விதியாகப் படித்தார். பதினெட்டாவதைப் படித்ததும் மாஸ்டர் கழுத்தை ஒட்டகம் மாதிரி நீட்டி மனைவியைப் பார்த்தார். ‘கேட்டாயா?’ என்று புருவம் இரண்டும் குதித்தன. மனைவி அடக்கமாகத் தலையாட்டினாள். ஆட்டிவிட்டு எழுந்து நின்றாள்.

“மேடம், ஒரு சந்தேகம். இந்தக் கடைசி விதி மடிக்கிறவங்களுக்கு மட்டுமா, பரிசோதிக்கிறவங்களுக்கும் உண்டா?”

“மடிக்கிறவங்களுக்கு மட்டும்தாம்மா. பரிசோதகர் கைக்கு எந்தத் தடையும் இல்ல. தாராளமா மடிக்கலாம்.”

“நன்றி மேடம். இன்னொண்ணு. எங்க வீட்டுக்காரர் இடம் காலியா இருக்காமே? நான் துணி அறையில தினமும் இருநூறு விரிப்பு மடிக்கிறவ. எனக்குக் கத்துக்குடுப்பீங்களா?”

மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். “இந்தாம்மா! இது விளையாட்டு இல்ல. நீ போர்வை மடிக்கிறவ. கை நாலு மூலையைத் தேடும்!”

“விடுதி வேலையை விட்டுடறேங்க. வீட்லயும் இனிமே தொட மாட்டேன். அதான் விதி வந்துடுச்சே.”

ஜனம் கைதட்டியது. ஊசியம்மாவும் கைதட்டினார்.

மனைவி சொன்னபடி விடுதியில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பயிற்சியில் சேர்ந்தாள். இரண்டு மாசம். ஊசியம்மாவே பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தார். மாஸ்டர் தூரத்திலிருந்து பார்த்தபடி நகத்தைக் கடித்தார். ஆனாலும் அவருக்கு ஒரு தெம்பு இருந்தது. பரீட்சையில் கையெழுத்துப் போட வேண்டியது யார்? பரிசோதகர்! ஒரு தப்பு, ஒரே ஒரு கயிறு பிசகியிருந்தால் போதும். ‘தேறவில்லை’ என்று எழுதிவிட்டு, வீட்டுக்குப் போய், “எனக்கே வருத்தந்தான்” என்று சொல்லிவிடலாம். அந்த வருத்தத்தைக் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தடவை பழகியும் பார்த்தார்.

பரீட்சை நாளில் மனைவி மூன்று குடை மடித்தாள். பூட்டுவதற்கு முன்னால் படிப்படியாக மாஸ்டர் பார்த்தார். முதல் குடை. கயிறெல்லாம் நேர்கோடு. இரண்டாவது. துணி, பால் ஆடை மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தது. மூன்றாவதை மூக்கு உரசும்படி குனிந்து பார்த்தார். கயிற்றைக் கட்டியிருந்த ரப்பர் பேண்டை ஒவ்வொன்றாக எண்ணினார். பூட்டியபின் ஊசியையும் ஆட்டிப் பார்த்தார். அது அவரையே திருப்பிப் பார்த்தது.

“என்னங்க, ஏதாவது தப்பா?”

மாஸ்டர் பேனாவைத் திறந்தார். மூடினார். திறந்தார். இந்த வேலை கிடைக்காவிட்டால் இவள் நாளைக்குப் பழையபடி விடுதிக்குப் போவாள், பழையபடி வந்து சட்டை மடிப்பாள். எழுத வேண்டியது ஒரே ஒரு சொல். ‘தேறவில்லை’. யார் கேட்கப்போகிறார்கள்?

ஆனால் பாருங்கள், மனிதர் வீட்டில் எத்தனையோ கயிறு திரித்திருக்கிறார். குடைக் கயிற்றைப் பற்றி இன்றுவரை ஒரு பொய் சொன்னதில்லை. பிசகை நேர் என்றதில்லை, நேரைப் பிசகு என்றதில்லை. கை அதற்கு வளையவில்லை.

“என் இருபது வருஷ வேலையில” என்று ஆரம்பித்தார். “இப்படி ஒரு மடிப்பை நான் மடிச்சதில்ல.”

கையெழுத்துப் போட்டார். மனைவி முந்தானையை ஒரு தடவை கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“அப்ப நான்தான் முதல் ஆளு” என்று ஊசியம்மா அந்த மூன்றாவது குடையைத் தூக்கி முதுகில் மாட்டிக்கொண்டார். விமானம் உறுமிக்கொண்டு மேலே போனது. கொட்டகையே வெளியே வந்து அண்ணாந்து நின்றது. ஒரு கறுப்புப் புள்ளி உதிர்ந்தது. விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது. மனைவி மாஸ்டரின் கையைப் பிடித்தாள். எலும்பு நொறுங்கும் பிடி. அப்புறம் ‘டப்’ என்று ஒரு சத்தம். நீல வானத்தில் ஆரஞ்சுக் குடை பூவாக விரிந்தது. ஒரு கோணல் இல்லை, ஒரு முறுக்கு இல்லை.

“என் பொண்டாட்டி மடிச்சது! என் பொண்டாட்டி மடிச்சதுய்யா!” என்று மாஸ்டர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். இருபது வருஷத்தில் அவர் குதித்தது அன்றைக்கு ஒரு நாள்தான், அதுவும் தரையில். இறங்கி வந்த ஊசியம்மா முதல் காரியமாக மனைவியைக் கட்டிக்கொண்டார். மாஸ்டரைப் பார்க்கிறவரெல்லாம் கை குலுக்கினார்கள். வீடு வரைக்கும் அந்த வெற்றியில்தான் மிதந்து வந்தார்.

வீட்டில் கட்டில் நிறையத் துணி. இரண்டு மாசமாக யாரும் மடிக்காத துணி, காய்ந்து மலையாகக் கிடந்தது. மனைவி அதைத் தாண்டிப் போய் மாஸ்டருடைய நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“ஆரம்பிங்க.”

“என்னத்த?”

“பரிசோதகர் தாராளமா மடிக்கலாம்னு மேடம் சொன்னாங்களே. எனக்குத்தான் அனுமதி இல்ல. கைப்பழக்கம் மாறிடும்.”

மாஸ்டர் மெதுவாகக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“இங்க பாரு. உனக்கு ஒரு உண்மையைச் சொல்லிடறேன். அப்ப, கல்யாணமான புதுசுல, அந்தப் பதினெட்டாவது விதி வந்து...”

“இல்லவே இல்ல. தெரியும்.”

“தெரியுமா! எப்ப?”

“கல்யாணமான மறு மாசமே. சாப்பாட்டு டப்பாவை மறந்துட்டுப் போனீங்க, குடுக்க வந்தேன். நீங்க உள்ள முட்டி போட்டிருந்தீங்க. வாசல்ல பலகையைப் படிச்சேன். பதினேழோட நின்னுச்சு.”

“அப்பவே சட்டையைப் பிடிச்சுக் கேட்டிருக்கலாமே?”

“கேட்டா இந்தப் பொய் போயிருக்கும், நீங்க வேற ஒண்ணு திரிச்சிருப்பீங்க. விதி நெசமா வந்தாத்தானே அதுல எனக்கும் ஒரு இடம் கிடைக்கும்? காத்துக்கிட்டு இருந்தேன்.”

“நாளைக்கே ஊசியம்மாகிட்ட சொல்லி அந்த விதியை எடுத்துடறேன் பாரு!”

“எடுங்க. என்ன காரணம் சொல்வீங்க?”

மாஸ்டர் போர்வையின் ஒரு மூலையை எடுத்தார். இன்னொரு மூலையைக் காணோம். நடுவைத் தாடையில் இடுக்கிப் பார்த்தார். நழுவிக் காலில் விழுந்தது. நெற்றியில் ஓர் அடி அடித்துக்கொண்டார்.

“எல்லாம் என் விதி!”

“உங்க விதிதாங்க” என்றாள் மனைவி, காலை நீட்டி வசதியாகச் சாய்ந்தபடி. “கீழே உங்க கையெழுத்தே இருக்கு. காலர் கசங்குது பாருங்க.”