லோரியைத் திருப்பி அனுப்பும் கூம்பு அண்ணே

பேராக் மாநிலத்தில் கான்கிரீட் லோரி ஓட்டும் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள். அவர்கள் பயப்படும் ஆள் ஒருவர்தான். போலீஸ் இல்லை, ரோட்டு இலாகா அதிகாரியும் இல்லை. ஐந்தடி உயரம், கழுத்தில் துண்டு, பாக்கெட்டில் அளவு நாடா. எங்கள் கூம்பு அண்ணே.

ஈப்போவில் பழைய கடைவீட்டு மாடியில் எங்கள் பொறியியல் அலுவலகம். சின்னப் பாலம், தடுப்புச் சுவர், பள்ளிக்கூடக் கட்டடம் என்று உள்ளூர் வேலைகள்தான் வரும். நான் அங்கே இன்ஜினியர். அண்ணே சைட்டில் எங்கள் சார்பாக நின்று வேலையைப் பார்ப்பவர். கான்கிரீட்டில் தண்ணீர் கூடிவிட்டதா என்று பார்க்க ஓர் இரும்புக் கூம்பு உண்டு. அதில் கலவையை நிரப்பி, கம்பியால் குத்தி, கூம்பை மெல்லத் தூக்கினால் கலவை கொஞ்சம் சரிந்து உட்காரும். எத்தனை மில்லிமீட்டர் சரிந்தது என்று அளக்க வேண்டும். அதிகம் சரிந்தால் தண்ணீர் அதிகம். தூணுக்குப் பலம் இருக்காது. எல்லா சைட்டிலும் இது நடப்பதுதான். ஆனால் சொந்தக் காசில் கூம்பு வாங்கி, தினமும் வீட்டுக்குக் கொண்டுபோய்த் துடைத்து எண்ணெய் பூசி, காலையில் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தவர் இவர் மட்டும்தான்.

ஒருமுறை ரோட்டில் போலீஸ் தடுப்பு. அண்ணேயின் வண்டியில் கட்டியிருந்த கூம்பைக் காட்டி இது என்ன என்று கேட்டார்கள். வாயால் சொன்னால் புரியாது என்று அண்ணே ஓரத்தில் கிடந்த மணலை அள்ளி, தண்ணீர் போத்தலைத் திறந்து, அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டார். கூம்பை மூன்று பங்காக நிரப்ப வேண்டும், ஒவ்வொரு பங்குக்கும் இருபத்தைந்து குத்து. இரண்டாவது பங்கு முடிவதற்குள் போலீஸ்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள்.

இன்னொரு முறை, தீபாவளிக்கு முதலாளி வீட்டில் விருந்து. முதலாளியின் மனைவி செட்டிநாட்டுப் பக்கத்துக் குடும்பம், சமையலில் பெயர் எடுத்தவர். அவர் பரிமாறிய கேசரியை அண்ணே ஒரு டம்ளரில் அழுத்தி, தட்டில் கவிழ்த்து, டம்ளரை மெல்லத் தூக்கினார். கேசரி அசையவில்லை. தலையைச் சாய்த்து இரண்டு பக்கமும் பார்த்தார்.

"சரிவே இல்லங்கம்மா. தாராளமா தூணுக்கே போடலாம்," என்றார்.

அடுத்த வருடம் அந்த வீட்டில் கடையில் வாங்கிய கேக்.

இந்தக் கதைகளை ஊரெல்லாம் பரப்பியவன் நான். கோப்பிக்கடையில் நடித்தே காட்டுவேன். போலீஸ் கதையில் கைவிலங்கைச் சேர்த்தது என் கைவேலை. முதலாளிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வரும். அலுவலக ஃபைல்களைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் கிராணி செல்வி அக்கா, "இன்னொரு தடவ சொல்லுங்க சார்," என்பார். அண்ணே பக்கத்தில் இருந்தாலும் சொல்வேன். அவரும் சிரிப்பார். அப்படித்தான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அந்த மண்டபம் வந்தது.

ஆயர் தாவார் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டம். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டு, ஆட்களை வரிசை வீடுகளுக்கு மாற்றியிருந்தார்கள். கல்யாணமோ கருமாதியோ, கூடாரம் போட்டு ரோட்டில்தான். பல வருடம் கேட்டு, கடைசியில் ஒரு சமூக மண்டபம் கிடைத்தது. வேலை மூன்று வாரம் பிந்தியிருந்தது. தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் ஒய்பி வந்து திறக்க நாளும் குறித்துவிட்டார்கள்.

அன்று ஆறு தூண்களுக்குக் கான்கிரீட் ஊற்ற வேண்டும். லோரி வழியில் மாட்டித் தாமதமாக வந்தது. கலவை இறுகிவிடுமே என்று டிரைவர் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். அண்ணே கூம்பைத் தூக்கியதும் கலவை கஞ்சி மாதிரி பரவியது.

"நூத்தி எழுவது. எழுபத்தஞ்சுதான் இருக்கணும். லோரியத் திருப்பி அனுப்புங்க," என்றார்.

"இன்னொரு தடவ பாருங்கண்ணே."

பொறுமையாக மறுபடி நிரப்பி, எண்ணிக் குத்தித் தூக்கினார். "நூத்தி எம்பது. கேக்கக் கேக்கக் கூடுதுலா."

காண்ட்ராக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த நேரம் பார்த்து முதலாளி போன். "ஊத்தியாச்சாப்பா?" என்றார். "ஊத்திக்கிட்டு இருக்கோம் பாஸ்," என்றேன். சொன்ன பிறகு ஊற்றித்தானே ஆக வேண்டும். அளவு எழுதும் பாரத் தாளில் எழுபத்தைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அண்ணே லோரிக்கு முன்னால் போய் நின்றார். டிரைவர் ஹாரன் அடித்தார். வேலையாட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"காமெடி பண்ணாதீங்கண்ணே," என்றேன். "எல்லாரும் பாக்குறாங்க."

அவர் அளவு நாடாவைச் சுருட்டிப் பாக்கெட்டில் போட்டார். பிறகு நகர்ந்தார். போகும்போது சும்மா போகவில்லை. அதே கலவையில் பலம் பார்க்கும் பரிசோதனைக் கட்டிகள் ஆறு வார்த்து, தேதி எழுதி, லேபுக்குப் போகத் தயாராக வைத்துவிட்டுத்தான் கை கழுவினார்.

ஏழாம் நாள் லேபிலிருந்து முடிவு வந்தது. இருக்க வேண்டிய பலத்தில் பாதிகூட இல்லை. மண்டபத்தைக் கட்டச் சொன்ன இலாகாவின் அதிகாரி, காண்ட்ராக்டர், முதலாளி, நான், அண்ணே எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். பாரத்தில் எழுபத்தைந்து, லேபில் இப்படி, எப்படி என்று முதலாளி கேட்டார்.

"நூத்தி எழுவது பாஸ்," என்றார் அண்ணே. "நான் வேணாம்னு சொன்னேன். இன்ஜினியரக் கேளுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல ஒரே வார்த்தை போதும். நான் சொன்னது இதுதான்: "அண்ணே ரெண்டு தடவ அளந்தாரு பாஸ். ரெண்டு தடவையும் வேற வேற நம்பர். எனக்குக் குழப்பமாயிருச்சு."

குழப்பம் என்றதைத் தவிர ஒரு வார்த்தையும் பொய் இல்லை. அதை நினைத்தால்தான் இன்றும் உடம்பு கூசுகிறது.

காண்ட்ராக்டர் மெல்லச் சிரித்தார். "கேசரிய அளந்த ஆளு இவருதானே?"

அதிகாரிக்கும் சிரிப்பு வந்தது. முதலாளியும் குனிந்துகொண்டார், தோள் குலுங்கியது. காண்ட்ராக்டருக்கு அந்தக் கதையைச் சொன்னவன் நான். அண்ணே ஒருவர்தான் அந்த அறையில் உண்மையைச் சொன்னவர்; அவர் சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்ளாதபடி நான் பல வருடமாக உழைத்திருந்தேன்.

அந்த வாரமே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஹெல்மெட்டையும் பூட்ஸையும் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்து செல்வி அக்காவிடம் ஒப்படைத்தார். என் மேசையைக் கடந்துதான் போனார். நான் கம்ப்யூட்டரில் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேலே உத்திரம் ஏறுவதற்கு முன்பே தெரிந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆறு தூணையும் உடைத்தார்கள். மிஷின் சத்தம் கேட்டு வரிசை வீட்டிலிருந்து ஓர் அக்கா வந்து நின்றார்.

"கட்டுனத ஏன் சார் ஒடைக்கிறீங்க?"

"டிசைன் மாத்திருக்கோம்கா."

"ஓ. சரி சார். நல்லா கட்டுங்க. எம் மக கல்யாணத்த இதுலதான் வைக்கணும்னு இருக்கேன்," என்று சொல்லி, ஒரு போத்தல் குளிர்ந்த தண்ணீரும் கொடுத்துவிட்டுப் போனார். அந்தத் தண்ணீரை என்னால் குடிக்க முடியவில்லை.

முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஃபைலை மூடி ஓரமாகத் தள்ளினார். "இலாகாவுக்கு ரிப்போர்ட் போயிருச்சுப்பா. முடிஞ்சத விடு," என்றார். விட்டுவிட்டேன். சொல்லியாயிற்று என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டினேன்.

அதற்கு மேல் முடியவில்லை. அண்ணே தைப்பிங்கில் ஒரு சாக்கடை வேலையில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். மழை கொட்டியது. தார்ப்பாயின் கீழ் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் செய்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்.

"என்கிட்ட சொல்லி என்னாலா ஆவப்போவுது?" என்றார். "எனக்குத்தான் அன்னிக்கே தெரியுமே. ஃபைல்ல என்னா எழுதியிருக்கு?"

"நீங்க அளந்தது சரியில்லன்னு."

"அப்ப அங்க போயி எழுதுங்க." டீயை முடித்து கிளாஸைக் கவிழ்த்தார். "நான் தப்பா அளந்தேன்னு ஒரு தாள்ல இருக்கு. அதான் தூங்க வுட மாட்டுது. வேலை போனதுகூட இல்ல."

ஈப்போவுக்குத் திரும்பியதும் இலாகாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். இரண்டாவது வரியில் நின்றுவிட்டது. அளந்தவர் பெயர் எழுத வேண்டும். எனக்குத் தெரியவில்லை. ஆறு வருடம் ஒன்றாக வேலை செய்திருக்கிறேன். அவர் பெயர் எனக்குத் தெரியவில்லை. செல்வி அக்காவைக் கேட்டேன். அவரும் பழைய ஃபைலைப் புரட்டித்தான் சொன்னார். சொல்லிவிட்டு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. முழுப் பெயரையும், தகப்பனார் பெயரோடு எழுதினேன். அளவு சரி, பாரத்தில் இருந்த எண் மட்டும் நான் போட்ட பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இலாகா என்னை அந்த மண்டப வேலையிலிருந்து நீக்கச் சொன்னது. முதலாளி இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. ஆனால் அண்ணனுக்கு அவரே போன் போட்டு, திரும்பி வரச் சொன்னார்.

"இல்ல பாஸ்," என்றாராம் அண்ணே. "தைப்பிங்ல லோரிக்காரன் தண்ணி ஊத்தவே வேணாம், வானமே ஊத்துது. இங்கதான் நான் தேவ."

அந்தப் பெயரை இங்கே எழுதலாமா என்று அவரைக் கேட்டேன். "பேப்பர்ல போட்டா லோரிக்காரனுங்க வீட்டத் தேடி வந்துருவானுங்க. வேணாம்லா," என்றார். அதனால் எழுதவில்லை.

போன மாதம் அவரிடமிருந்து போன். "நாளைக்கு ஸ்லாப் ஊத்துறோம். மழ வரும் போலிருக்கு. வாரீங்களா?" என்றார். எதற்கு என்று கேட்காமல் லீவு போட்டுவிட்டுப் போனேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. அண்ணே குனிந்து அளக்கும்போது கலவை நனையாமல் குடை பிடிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஏழு லோரிக்கும் பிடித்தேன். எனக்கு முதுகெல்லாம் நனைந்தது. ஒரு லோரியை அவர் திருப்பி அனுப்பியபோது டிரைவர் என்னையும் சேர்த்துத் திட்டினார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் காய்ச்சலில் படுத்திருந்தேன். எழுந்ததும் முதல் வேலையாகக் கடைக்குப் போய், அதைவிடப் பெரிய குடையாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.