ஏற்காட்டுக்குக் காரா, ரயிலா

"ரயில்ல போனா காத்து வரும். கார்ல போனா மரியாத வரும். எது வேணும்னு நீயே சொல்லு," என்றான் கொளஞ்சியப்பன்.

கண்ணகி புளிச்சோற்றைத் தூக்குச்சட்டியில் அழுத்திக்கொண்டிருந்தாள். "எதுல போனாலும் ஒங்க அக்கா வூட்டு வாசல்லதான எறங்கப் போறோம். நீங்களே சொல்லுங்க."

கொளஞ்சியப்பன் கரும்பு வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி. ஆலை ஓடும் மாதங்களில் அவன் ஆட்களை அதட்டுவான். அந்த ஆட்களுக்குக் கண்ணகி சோறாக்குவாள். ஆலை நின்றதும் அவன் ஓய்வெடுப்பான். ஓய்வெடுக்கிறவனுக்கும் அவளே சோறாக்குவாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் கேட்டது ஒன்றுதான். எங்காவது கூட்டிப்போய், ஒரு நாள் அடுப்பு மூட்டாமல் உட்காரவைக்க வேண்டும்.

அவனும் கூட்டிப்போகாமல் இல்லை. இரண்டு தடவை ஏற்காடு கிளம்பினார்கள். ஏற்காட்டுக்குச் சேலத்தில் இறங்க வேண்டும். சேலத்தில் அக்கா ஜெயம்மாள் இருந்தாள். இரண்டு தடவையும் கண்ணகி கண்ட மலை ஜெயம்மாள் வீட்டு ஆட்டுக்கல்தான்.

"இந்தத் தபா கண்டிப்பா ஏற்காடு. அக்கா வூட்ல ஒரு ராத்திரி தலைய சாச்சிட்டு, காலையில..."

"நீங்க சாச்சிக்குவீங்க. நான் மாவாட்டிக்கினு இருப்பேன்," என்றவள், பாயையும் சுருட்டிக் கட்டினாள்.

அது எண்பத்தேழாம் வருஷம். இட ஒதுக்கீடு கேட்டு ஊரெல்லாம் மறியல். சாலை ஓரம் நின்றிருந்த புளியமரங்கள் சாலை நடுவே படுத்திருந்தன. புத்தி உள்ளவன் வீட்டில் இருந்திருப்பான். கொளஞ்சியப்பனுக்குப் புத்தி கொஞ்சம் ஜாஸ்தி.

"மரம் எங்க இருக்குது? ரோட்டுல. தண்டவாளத்துல மரம் ஏது? ரயில்லயே போலாம்."

சின்னசேலம் ஸ்டேஷனில் அவன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. தண்டவாளத்தில் ஒரு மரமும் இல்லை. மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதில் பாதிப் பேர் அவனிடம் கரும்பு வெட்டுகிறவர்கள்.

"மேஸ்திரி வந்துட்டாரு, எடம் வுடுங்கப்பா," என்று ஒருவன் நகர்ந்தான்.

"ஊருக்குப் போறதுக்கு வந்தேன்டா."

"ஊரே இங்கதான இருக்குது. குந்துங்க."

குந்தாவிட்டால் அடுத்த வெட்டுக்கு ஆள் வராது. குந்தினான். கையில் கொடியைக் கொடுத்தார்கள். தான் ஏற வேண்டிய ரயிலைத் தானே மறித்துக்கொண்டு, பகல் வெயில் உச்சிக்கு வரும்வரை கோஷம் போட்டான். தொண்டை கட்டியதும், மூத்திரம் பெய்வதாகச் சொல்லி எழுந்து வந்தான்.

கண்ணகி பெஞ்சில் உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்தாள். "ரயில் வருதுங்களா?"

"கார்ல போலாம் வா. மரியாதயா இருக்கும்."

ஸ்டேஷனுக்கு வெளியே ஒரே ஓர் அம்பாசிடர் நின்றது. டிரைவர் தமிழரசன் எந்த வழியில் எது கிடக்கிறது என்று விரல் நுனியில் வைத்திருந்தான்.

"ஆத்தூர் ரோட்டுல மரம் இருக்குதுண்ணே. ஆனா கைல கொடி வெச்சிருக்கீங்க இல்ல, முன்னால கட்டிக்கினா நம்மாளுங்க ஓரமா வழி வுடுவாங்க."

கட்டினார்கள். முதல் மரத்தருகே நம்மாளுங்க யாரும் இல்லை. போலீஸ் இருந்தது.

"இன்னாய்யா, கொடி கட்டிக்கினு வந்து பாக்குறியா, மரம் ஒழுங்கா கெடக்குதான்னு?" என்றார் ஏட்டு. "எறங்கு. வெட்டத் தெரிஞ்ச கைக்கு இழுக்கவும் தெரியும்."

"சார், நான் ஏற்காடு போறவன்."

"போலாம். மரத்த ஓரமா போட்டுட்டுப் போ."

கயிறு கொடுத்தார்கள். கொளஞ்சியப்பன் ஒரு பக்கம், தமிழரசன் ஒரு பக்கம். பல வருஷமாக 'தூக்குடா' என்று மட்டுமே சொல்லிப் பழகிய வாய், அன்றைக்குப் பேச்சில்லாமல் மூச்சு வாங்கியது. மரம் பாதி நகர்ந்தபோது ஏட்டு கொடியைக் கழற்றிக்கொண்டு, ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

ஜீப்பின் புழுதி அடங்குவதற்குள் கரும்புக் கொல்லையிலிருந்து நாலைந்து பேர் அரிவாளோடு வந்தார்கள்.

"யார்ரா அது, நாம போட்ட மரத்த இழுக்கிறது?"

"அய்யா, நானும் நம்மாளுதான். காலையில தண்டவாளத்துல..."

"நம்மாளுன்னா கொடி எங்க?"

கொடி ஜீப்பில் போய்க்கொண்டிருந்தது.

"இழுத்தவனே திருப்பிப் போடு."

போட்டார்கள். முன்பு கிடந்ததைவிட நேராகக் கிடந்தது மரம். பார்த்தவர்களுக்கே திருப்தி. உரிமை கேட்கிறவன், ஒழுங்கு காக்கிறவன் இரண்டு பேரும் ஒரு மரத்தைத் தொடாமலே வேலை முடித்துக்கொண்டார்கள்.

கொளஞ்சியப்பன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு காரில் விழுந்தான். கண்ணகி முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள்.

"வூட்டுக்கே போயிடலாமா?" என்றான் தமிழரசன்.

"எப்படிப் போறது? அக்காவுக்கு வரேன்னு சொல்லியனுப்பிச்சிட்டேன். உளுந்து ஊறப்போட்டிருக்கும்."

"ஊறட்டும் பாவம்," என்றாள் கண்ணகி. "மலை வழி ஒண்ணு இருக்குதுன்னு பேசிக்கிறாங்களே. கச்சிராயபாளையம் போயி வெள்ளிமலை ஏறுனா, அந்தாண்ட சேலம் பக்கமே எறங்கலாமாம். மலையில யாரு மறியல் பண்றது?"

கொளஞ்சியப்பன் நிமிர்ந்தான். "பாத்தியாடா தமிழு, எம் பொண்டாட்டி மூளைய. இத்தினி நாளு என்கூட இருந்ததுல வந்துச்சு."

கார் கோமுகி அணையைத் தாண்டி மலையில் ஏறியது. காற்று குளிர்ந்தது. வளைவுக்கு வளைவு கொளஞ்சியப்பனின் இடுப்பு கொஞ்சம் நேரானது. இரைச்சலோடு ஓர் அருவி வந்தது. கண்ணகி கழுத்தைத் திருப்பி அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அடுத்த வளைவில் தமிழரசன் பிரேக் போட்டான்.

பாதைக்குக் குறுக்கே ஒரு மரம் கிடந்தது.

கொளஞ்சியப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இங்கயுமா."

"இஞ்சின் கொதிக்குதுண்ணே. இத ஆறவெச்சாதான் திரும்பவே முடியும். கீழ போனாலும் மறியல்," என்றான் தமிழரசன். அவனுக்கும் முதுகு வலித்தது. காரைப் பின்னாலேயே விட்டு அருவியருகே நிழலில் நிறுத்திவிட்டுச் சீட்டில் படுத்துவிட்டான்.

"அப்ப ஏற்காடு இல்லியா?" என்றாள் கண்ணகி. பதிலுக்கு நிற்கவில்லை. தூக்குச்சட்டியையும் பாயையும் எடுத்துக்கொண்டு அருவிக்கு இறங்கினாள். பாறையில் பாயை விரித்து, தண்ணீரில் காலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

கொளஞ்சியப்பன் நொண்டிக்கொண்டே விழுந்து கிடந்த மரத்தருகே நடந்தான். மரத்தின் மேல் ஒருவன் சாவகாசமாகப் பீடி குடித்துக்கொண்டிருந்தான். மலையிலிருந்து வருஷா வருஷம் இவனிடம் கரும்பு வெட்ட இறங்குகிற மாதன்.

"டேய் மாதா, ஒங்களுக்குமாடா மறியல்? நீங்க இன்னா ஒதுக்கீடு கேக்குறீங்க?"

"எங்களுக்கு எப்பவோ குடுத்துட்டாங்களாம் மேஸ்திரி. எங்க வெச்சிருக்காங்கன்னுதான் தெரியல."

"அப்பறம் எதுக்குடா மரத்த வெட்டிப் போட்டிருக்கீங்க? யாரு ஒங்க தலைவரு? கூப்புடு அந்தாள."

மாதன் பீடியை அணைத்துவிட்டு, பாறைமேல் காலாட்டிக்கொண்டிருந்தவளைப் பணிவாகப் பார்த்தான்.

"அக்காதான் சந்தையில பாத்து சொன்னாங்க, மேஸ்திரி. 'வழியில பட்ட மரம் ஒண்ணத் தள்ளி வுடு மாதா, ஆனா அருவிக்கு இந்தாண்ட தள்ளிடாத, அந்தாண்ட தள்ளு'ன்னாங்க."