வைஃபை வேணாம்காரர் வாங்கிய கேமரா

லிட்டில் இந்தியாவில் கேமரா வாங்க வந்த மனிதர்களிலேயே, அந்தக் கேமராவுக்கு என்னென்ன தெரியக்கூடாது என்று கேட்டு வாங்கிய ஒரே ஆள் அவர்தான். மற்றவர்கள் நிலாவில் இருக்கும் பள்ளம் படத்தில் விழுமா, தண்ணீருக்குள் போட்டால் தாங்குமா என்று கேட்பார்கள். இவர் குடையைக் கண்ணாடிப் பெட்டியின் விளிம்பில் மாட்டினார், கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், “இதுல வைஃபை இருக்கா?” என்று கேட்டார். இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன். “அப்ப வேணாம்” என்று குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு வந்து புளூடூத் இருக்கா என்றார். அதற்கடுத்த ஞாயிறு, தொட்டால் வேலை செய்யுமா என்றார். செய்யும் என்றேன். தொட்டதற்கெல்லாம் வேலை செய்கிற சாமான் தனக்கு ஆகாது என்றார். அன்றிலிருந்து எங்கள் கடையில் அவர் பெயர் வைஃபை வேணாம்காரர். சொந்தப் பெயரை நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், வேறு யார் சொல்லப்போகிறார்கள்? மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. கடைகளின் வாசலை ஒட்டி ஓடும் ஐந்தடிப் பாதையில் கைக்கடிகார வார் விற்று ஆரம்பித்தவன். இன்று சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில் சொந்தக் கடை. கேமராவோடு வரும் புத்தகத்தை நான் படித்ததே கிடையாது, படிக்கவும் வராது. கையில் வாங்கினால் போதும், கேமராவே என்னிடம் பேசும். முதல் கேமரா வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மெகாபிக்சலைப் பார்க்காதீர்கள், விரலைப் பாருங்கள். கண்ணை மூடினாலும் விரல் தானாகப் பட்டனுக்குப் போனால் அது உங்கள் கேமரா. தடவித் தேடினால் அது இன்னும் கடைக்காரனுடைய கேமராதான். யூடியூபில் வேறு மாதிரி சொல்கிறார்களே என்று பட்டதாரிப் பிள்ளைகள் கேட்பார்கள். யூடியூப்காரன் எத்தனை கேமரா விற்றான் என்று நான் கேட்பேன். 

வைஃபை வேணாம்காரரிடம் மட்டும் என் வித்தை பலிக்கவில்லை. படம் எடுக்கத்தானே, ஒரு போன் வாங்கிக்கொள்ளுங்களேன் என்று ஒருநாள் சலித்துப்போய்ச் சொன்னேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. தஞ்சோங் பகார் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். அந்தத் துறைமுகமும் இப்போது இல்லை, கூட வேலை பார்த்தவர்களும் இல்லை, மனைவியும் போய்விட்டார். ஆங் மோ கியோ வீட்டில் தனியாக இருக்கிறார். ஒரே மகள் பெர்த்தில். அப்பா தனியாக இருக்கக்கூடாது, வந்துவிடுங்கள் என்று போன் போட்டுக்கொண்டே இருக்கிறாள். இவருக்குப் போக மனமில்லை. அங்கே கோபம் வந்தால் தமிழில் திட்டுவதற்குக்கூட ஆள் கிடையாதாம். அதனால் வீட்டுக்குத் தினமும் நண்பர்கள் வந்து சாப்பிட்டுப் போகிறார்கள் என்று சொல்லிவைத்திருக்கிறார். அவள் படம் அனுப்பச் சொல்கிறாள்.

“ஸ்மார்ட்போன் வச்சிருந்தா அவ வீடியோவுல வருவா முதலாளி. அப்பா, அப்படியே வீட்ட சுத்திக் காட்டுங்கன்னுவா. சுத்திக் காட்ட அங்க என்ன இருக்கு லா?”

அவருக்கு ஏற்ற கேமராவைப் பழைய இருப்பிலிருந்து தேடி எடுத்தேன். சோப்புக்கட்டி அளவு. படம் எடுக்கும், வேறு ஒன்றும் தெரியாது. கண்ணை மூடச் சொன்னேன். விரல் நேராகப் பட்டனில் போய் உட்கார்ந்தது.

சோதித்துப் பார்த்துத்தான் வாங்குவேன் என்றார். அன்று கடையில் ஜூரோங் கப்பல் பட்டறையில் வேலை செய்யும் தம்பிகள் சிலர் சார்ஜர் வாங்க வந்திருந்தார்கள். அவர்களை வரிசையாக நிற்கவைத்து, நடுவில் தான் நின்றுகொண்டு, கேமராவை என்னிடம் நீட்டினார். தோளில் கை போடச் சொன்னார். ஒருவன் கூச்சப்பட்டு ஓரமாக நின்றான். “என்னப்பா, பொண்ணு பாக்கவா வந்திருக்க? பத்து வருஷப் பழக்கம் மாதிரி சிரி” என்று அதட்டினார். பயந்துபோய் நன்றாகவே சிரித்தான். எல்லோரையும் வீட்டுக்குச் சாப்பிட வரச்சொல்லி விலாசமும் கொடுத்தார். வரோம் தாத்தா என்றார்கள். அவர்களுக்கு வாரத்தில் கிடைப்பது அந்த ஒரு நாள் லீவுதான். யாரும் போகவில்லை.

அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டுப் பெர்த்துக்குத் தபாலில் அனுப்பினார். மகள் லேசுப்பட்டவள் இல்லை. உங்க ஃபிரெண்ட்ஸ் தலைக்கு மேலே எல்லாம் விலைச்சீட்டு தொங்குதே அப்பா என்று கேட்டுவிட்டாள். வீட்டுக்குள் எடுத்த படம்தான் வேண்டுமாம்.

அடுத்த வாரம் கேமராவோடு வந்து நின்றார். கேமரா சரியில்லை என்றார். என் கடைச் சாமானை அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்தான். பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தேன். படங்களெல்லாம் பளிச்சென்று இருந்தன. ஒரு சாப்பாட்டு மேசை, அதில் நாலு தட்டு, நாலு தம்ளர். மேசைக்குப் பக்கத்தில் புகைபோல ஒரு உருவம். படத்துக்குப் படம் அந்தப் புகை வேறு வேறு இடத்தில் இருந்தது.

அது என்ன என்று கேட்டேன். “நான்தான்” என்றார்.

தானாக எடுக்கும் டைமரை வைத்துவிட்டு, மற்றவர்கள் கை கழுவப் போயிருப்பது போலத் தான் மட்டும் நாற்காலியில் இருக்க ஓடியிருக்கிறார். கேமரா பத்து விநாடிதான் காத்திருக்கும். அவர் முட்டிக்கு அது போதவில்லை. டைமரை நீட்டித் தரச்சொன்னார். கேமராவை அலமாரியிலிருந்து எடுத்து நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் வையுங்கள் என்று வைத்தியம் சொன்னேன். அதற்கடுத்த வாரம் வந்த படங்களில் அவர் நாற்காலியைப் பிடித்திருந்தார், ஆனால் உட்காரவில்லை. தீபாவளிக்கு ஆளோடு ஒரு படம் வரவேண்டும், வராவிட்டால் நானே வந்து கூட்டிப்போவேன் என்று மகள் சொல்லிவிட்டாளாம். “அதுக்குள்ள ரிப்பேர் பண்ணிடுங்க முதலாளி” என்றார். வேறு எதையும் அவர் என்னிடம் கேட்கவில்லை.

என் வீடு பெரிய வீடு. மேசைக்கு எட்டு நாற்காலி, எல்லாம் தேக்கு. தீபாவளியன்று மகன்கள் குடும்பத்தோடு ஜப்பான் போயிருந்தார்கள், டிக்கெட் என் செலவு. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு எட்டில் ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து, கேமராவை நேரில் பார்த்து ரிப்பேர் செய்துவிடலாம் என்று, தம்பிகளுக்கு அவர் கொடுத்த விலாசத்தை நினைவில் வைத்து ஆங் மோ கியோவுக்கு ரயில் ஏறினேன்.

கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் குடை எங்கே என்று தேடுகிறவர் போலக் கையை அப்படியும் இப்படியும் ஆட்டினார். உள்ளே மேசை தயாராக இருந்தது. நாலு பேர் சாப்பிட்டு எழுந்தது போல நாலு தட்டிலும் இட்லியைப் பிய்த்துப் போட்டு, சட்னியைத் தடவி வைத்திருந்தார். ஒரு தட்டின் ஓரத்தில் மட்டும் வெங்காயம் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது.

“இவரு வெங்காயம் சாப்பிட மாட்டாரு” என்று அந்தத் தட்டுக்கு எதிரே இருந்த காலி நாற்காலியைக் காட்டினார்.

நான் அந்த வெங்காயம் சாப்பிடாதவரின் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒதுக்கி வைத்திருந்த வெங்காயத்தையும் சேர்த்துச் சாப்பிட்டேன். அவர் சூடாக இன்னும் கொண்டுவந்து போட்டார். கேமரா நினைவு எங்களுக்கு வரவே வெகுநேரம் ஆயிற்று. அதற்குள் அவர் துறைமுகத்துப் பழைய மேலதிகாரி ஒருவரைப் பற்றித் தமிழில் உள்ள அத்தனை வசவுகளையும் ஒரு சுற்று சொல்லி முடித்திருந்தார்.

ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி நானே கேமராவை வைத்தேன், ஃபிளாஷை நிறுத்தினேன், நாற்காலிகளைத் திருப்பினேன். பட்டனை அழுத்துவது அவர்தான் என்று அடம்பிடித்தார். அழுத்திவிட்டு ஓடிவந்தார். பாதி வழியில் முட்டி நின்றுவிட்டது. எட்டி மணிக்கட்டைப் பிடித்து ஒரு இழு இழுத்தேன். நாற்காலியில் வந்து விழுந்தார், விழுந்த வேகத்தில் சிரித்தார். கேமரா அந்தச் சிரிப்பை எடுத்துக்கொண்டது.

சில வாரம் கழித்து ஒரு பெண் அந்தப் படத்தோடு என் கடைக்கு வந்தாள். பிரிண்ட் போட்டுக் கொடுத்த உறையில் இருந்த கடைப் பெயரைப் பார்த்து வந்திருக்கிறாள். வைஃபை வேணாம்காரர் வெளியே ஐந்தடிப் பாதையில், எங்கள் பக்கம் திரும்பாமல் நின்றிருந்தார்.

“இது நீங்கதானே அங்கிள்?” என்றாள். “அப்பா இப்படிச் சிரிச்சு நான் பாத்தே ரொம்ப நாளாச்சு. ஒரே ஒரு ஆளு வீட்டுக்கு வந்ததுக்கு இவ்வளவு சந்தோஷமான்னு இருந்துச்சு. இனி அவரத் தனியா விடக்கூடாதுன்னு அன்னைக்கே அப்பாவுக்கும் சேத்து டிக்கெட் புக் பண்ணிட்டேன்.”

அவள் டாக்சி பிடிக்கப் போனதும் அவர் உள்ளே வந்தார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். அவள் கண்ணாடிப் பெட்டிமேல் விட்டுப்போன படத்தை எடுத்துப் பார்த்தார்.

“எல்லாம் உங்களாலதான் முதலாளி. இவ்வளவு நல்லாவா எடுப்பாங்க லா?”

என் கை வைத்த படம் எதுவும் இதுவரை மோசமாக வந்தது கிடையாது. சந்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அந்தப் படம் ஒன்று மட்டும் கொஞ்சம் கலங்கலாக வந்து தொலைத்திருக்கலாம்.