தாளித்துப் பார்த்த வீடுகள்

1. முதல் வீட்டில் கடுகு வெடித்ததுமே புகை அலாரம் கத்தியது. ஆன்ட்டி வேண்டாம் என்றார்.

2. இரண்டாவது வீட்டில் மிளகாயைக் கிள்ளிப் போட்டதும் கட்டடம் முழுக்க அலாரம் அடித்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் துண்டோடு இறங்கி வந்தார்கள். தீயணைப்பு வண்டியும் வந்தது. வேண்டாம் என்றார்.

3. இன்னொரு வீட்டை மறுத்தால் அரசு வீட்டுக்குக் காத்திருப்போர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவோம் என்றது வீட்டு வசதி அலுவலகம்.

4. மூன்றாவது வீட்டையும் மறுத்தார்.

தங்க இடமில்லாத நிலையில், கிடைத்த வீடுகளைத் தாளித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தவர் அமெரிக்கா முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான் இருப்பார். ஃப்ரீமான்ட்டில் எல்லோருக்கும் அவர் தாளிப்பு ஆன்ட்டி. கணவர் இறந்தபின் தனியாளாகச் சமைத்து, எங்களைப் போல ஐ.டி. வேலைக்கு வந்தவர்களுக்குச் சாப்பாடு கொடுத்துவந்தார். இப்போது மளிகைக் கடைக்குப் பின்னால் நிற்கும் பழைய மினிவேனில் இருக்கிறார்.

"வேன்ல இருக்கேன்னு சொல்லாதேம்மா. வேன் வச்சிருக்கேன்னு சொல்லு" என்பார்.

வீடு பார்க்க அவரை என் காரில் அழைத்துப் போவேன். உள்ளே நுழைந்ததும் படுக்கையறை, குளியலறை எதையும் பார்க்க மாட்டார். பையிலிருந்து கரண்டி, எண்ணெய், கடுகு, வற்றல் மிளகாய் வெளியே வரும். நேரே அடுப்புக்குப் போய்விடுவார். வீட்டைக் காட்ட வந்து இதை முதல்முறை பார்த்த அதிகாரி, ஏதோ மதச் சடங்கு என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றி, தலைகுனிந்து நின்றார். அலாரம் கத்தியபோதும் அப்படியே நின்றார்.

மூன்றாவது வீடு சான் ஹோசேயில். நல்ல வெளிச்சம், வாசலிலேயே பஸ். சமையலறையில் மட்டும் ஜன்னல் இல்லை. அலாரம் கத்தியது.

"ஆன்ட்டி, இதுக்குப் போய் வேணாம்பாங்களா? எங்க அபார்ட்மென்ட்ல எல்லாரும் புகை போகாம அலாரத்துக்கு ஷவர் கேப் மாட்டிட்டுதான் சமைப்பாங்க."

"இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றவன் அந்தத் தொப்பியைப் பாத்தா?"

"கழட்டி வச்சிடலாம்."

"என் வீட்ல நான் ஒளிஞ்சு தாளிக்கணுமா? போடி."

மறுப்புக்குக் காரணம் கேட்டு ஒரு விசாரணை வைத்தார்கள். அதில் தோற்றால் பட்டியலில் பெயர் இருக்காது; மறுபடியும் முதலிலிருந்து வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மொழிபெயர்க்க நான் போனேன். விசாரித்த அம்மையார் கோபப்படாமல் கேட்டார். அலாரம் ஒழுங்காக வேலை செய்கிறது, அது எப்படிக் குறையாகும்? மைக்ரோவேவில் சமைக்கலாமே?

"மைக்ரோவேவ்ல கடுகு வெடிக்குமான்னு கேளு அவங்களை."

நான் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆன்ட்டி கரண்டிப் பையை மடியில் வைத்துக்கொண்டார். குரல் இறங்கிவிட்டது.

"இதை அப்படியே சொல்லும்மா. அலாரம் கத்தினா பக்கத்து வீட்டுக்காரங்க வந்து கதவைத் தட்டுவாங்க. நாலு தடவை தட்டினா கம்ப்ளெயின்ட் போகும். அப்புறம் லீஸ் ரினியூ ஆகாது. போன வீடு எனக்கு அப்படித்தான் போச்சு. சாவி வாங்கறது பெரிசில்ல. திருப்பிக் கொடுக்காம இருக்கணும்."

மென்பொருளைச் சோதிப்பதுதான் என் தொழில். ஆன்ட்டி கடுகை வைத்து எதைச் சோதித்தார் என்பது அந்த அறையில்தான் எனக்குப் புரிந்தது. சொன்னதைச் சொன்னபடியே மொழிபெயர்த்தேன். அம்மையார் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, போன வீட்டைப் பற்றி மேலும் கேட்டார். ஆன்ட்டி சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

இப்போதைய நிலை இதுதான். மூன்றாவது மறுப்புக்குத் தக்க காரணம் இருந்தது என்று தீர்ப்பு வந்தது. பெயர் பட்டியலில் இருக்கிறது. நான்காவது வீடு இன்னும் வரவில்லை. ஆன்ட்டி வேனில்தான் தூங்குகிறார். என்னோடு வந்து இருங்கள் என்று பலமுறை கேட்டுவிட்டேன். "விருந்தாளியா வரேன். குடியிருக்க எனக்குன்னு வீடு வரும்" என்கிறார்.

அதனால் சனிக்கிழமைகளில் என் வீட்டில் தாளிக்கிறார். ஷவர் கேப் மாட்ட விடுவதில்லை. அவர் சமைத்து முடிக்கும் வரை, அலாரத்துக்குக் கீழே நாற்காலி போட்டு ஏறி நின்று, புகை அதை எட்டாதபடி துண்டை வீசிக்கொண்டிருக்கிறேன். கை வலிக்கிறது என்று இதுவரை சொன்னதில்லை.