தண்ணீர் கேனைத் தர இயலாது

மதிப்பிற்குரிய அண்ணாவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நாங்கள் நால்வரும் நலம். அண்ணியும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நீங்கள் நலம்தான் என்பது உங்கள் கடிதத்தின் அதிகாரத்திலேயே தெரிந்தது.

ஏழு வருடம் கழித்து எழுதியிருக்கிறீர்கள், நான்கே வரி. போர்க்கால நினைவுக் கண்காட்சியில் அப்பாவின் பெயரோடு வைக்க, பட்டாளத்தில் அவர் ஓட்டிய லாரியின் தண்ணீர் கேனை உடனே அனுப்ப வேண்டுமாம். தர இயலாது. ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பா காலமானபின் சாமான்களைப் பங்கு பிரித்த அன்று சுவர்க்கடிகாரமும் எழுதுமேசையும் உங்கள் வண்டியில் ஏறின. "மேசையாவது குடுங்கண்ணா, நான் காலேஜ்ல சரித்திரம் நடத்தறவன்" என்றேன். "நீதான் எல்லாத்தையும் படிச்சு முடிச்சிட்டியேடா, இனிமே மேசை எதுக்கு?" என்று சொல்லி இரண்டு இரும்பு கேன்களை என் காலடியில் வைத்தீர்கள். ஒன்று டீசலுக்கு, ஒன்று தண்ணீருக்கு. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தண்ணீர் கேனில் மட்டும் குறுக்கும் நெடுக்குமாக வெள்ளைக் கோடு. வருகிறவர்கள் "இதுதான் அப்பா சொத்தா?" என்று கேட்டுவிடக் கூடாதே என்று, உங்கள் மேல் இருந்த ஆத்திரத்தில் இரண்டுக்கும் பச்சை பெயின்ட் அடித்து மாடிப்படிக்குக் கீழே தள்ளினேன்.

போன மாதம் எங்கள் தெருவின் பெரிய குழாய் உடைந்து ஒன்பது நாள் தண்ணீர் இல்லை. நான்கு தெரு தள்ளி லாரி வரும். பிளாஸ்டிக் குடத்தோடு போனவர்கள் பாதியைத் தெருவுக்கு வார்த்துவிட்டு வந்தார்கள். நான் ஒரு கேனை எடுத்துப்போனேன். அண்ணா, அன்றுதான் அதைச் சரியாகப் பார்த்தேன். மேலே மூன்று கைப்பிடி: நிரம்பியதை ஒருவர் தூக்க நடுப்பிடி, இருவர் தூக்க ஓரப்பிடிகள், காலியானவை என்றால் இரண்டின் ஓரப்பிடிகளையும் சேர்த்து ஒரே கையில் இரண்டு கேன். மூடி கழன்று தொலையாது, கீலோடு நிற்கிறது. திறக்க ஸ்பேனர் வேண்டாம், ஊற்றப் புனல் வேண்டாம். கழுத்துக்குள் காற்றுக்கென்று ஒரு குழாய் இருப்பதால் குபுக் குபுக் என்று துள்ளாமல் நூல் பிடித்தாற்போல் ஊற்றுகிறது. டீசல் நிரப்பி ஆற்றில் போட்டாலும் மிதக்குமாம். இதை முதலில் செய்தது எதிரிப் படை என்று அப்பா சொல்வார். நம் படையின் தகர டின்கள் வழியெல்லாம் ஒழுக, பிடிபட்ட கேனைப் பார்த்து அப்படியே செய்துகொண்டார்களாம். குண்டு போடுகிறவனிடமும் நல்லதைக் கற்றிருக்கிறார்கள். எங்கள் கல்லூரியில் பக்கத்துத் துறையின் பாடக்குறிப்பைக்கூட எவரும் தொடமாட்டார்.

ஆளுக்கொரு ஓரப்பிடியாக நானும் என் மனைவியும் நடந்தோம். "கல்யாணமாகி இருபது வருஷத்துல இன்னைக்குத்தான் என் வேகத்துக்கு நடக்கறீங்க" என்றாள். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

முதல் நான்கு நாளும் கைக்கு வந்தது, என் அதிர்ஷ்டம், தண்ணீர் கேன். ஐந்தாம் நாள் கல்லூரி முதல்வர் வீட்டுக்கு வந்தார்; பதினோரு வருடமாக எனக்கு வராத துறைத்தலைவர் பதவியைப் பற்றிப் பேச. விருந்தாளிக்காக இன்னொரு கேனையும் நிரப்பியிருந்தேன். டீசல் பட்ட கேனில் ஜென்மத்துக்கும் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது பட்டாளத்துச் சட்டம். எது தண்ணீர் கேன் என்று காட்டும் கோட்டைத்தான் நான் பெயின்டில் மூழ்கடித்திருந்தேனே.

அந்தத் தண்ணீரில் போட்ட டீயை முதல்வர் ஒரு வாய் குடித்து நிதானித்தார். "டீத்தூள் புதுசா?"

"ஆமா சார்."

என் மனைவி உள்ளே அழைத்து, "அவர் சிகரெட் பத்த வைக்கறதுக்குள்ள அந்தக் கப்பை வாங்கிடுங்க" என்றாள். பதவி வேறொருவருக்குப் போயிற்று. அதற்கும் நீங்களே காரணம்.

கேனை மட்டும் குறை சொல்லமாட்டேன். எத்தனையோ வருடத்துக்கு முந்தைய டீசல் வாடையை அது இன்னும் விடவில்லை. நம் குடும்பத்தில், உள்ளே போனதை இவ்வளவு காலம் பத்திரமாக வைத்திருப்பது அது ஒன்று, நான் ஒன்று. அப்பாவின் நினைவாக என்னிடம் மிஞ்சியது இந்த ஜோடிதான். நீங்கள் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, கீழே "மூத்த மகன் வழங்கியது" என்று எழுதிக்கொள்வீர்கள். அதற்கு நான் ஆளில்லை.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு, நல்ல மேசையில் உட்கார்ந்து படிக்கட்டும். உங்களுக்கும் வணக்கம், வயதில் மூத்தவர் என்பதால்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி

பி.கு.: எழுதியதை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். "மாடிப்படிக்குக் கீழ இருந்தா மாமா பேரை யாரு படிப்பா, கரப்பான் பூச்சியா?" என்று கேட்டாள். இரண்டு கேன்களும் இன்று காலை லாரி பார்சலில் கிளம்பிவிட்டன. ஜோடியைப் பிரிக்க வேண்டாம். திறப்பு விழாவுக்கு நாங்கள் நால்வரும் வருகிறோம்; மூன்று நாள் உங்கள் வீட்டில்தான். "வழங்கியவர்கள்" என்று இரண்டு பேர் பெயரையும் போடுங்கள். வயது வரிசையெல்லாம் பார்க்க வேண்டாம்.