உடையாத கருவியும் பதினான்காவது வளைவும்

அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். தராசுக்காரர், அவர் மனைவி, மனைவியின் தம்பி, சைக்கிள் கடைக்காரர். இவர்களைத் தவிர ஒரு ஸ்டூல், வாளி நிறையத் தண்ணீர், அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை இறக்கப் போட்டுக்கொள்ளும் தடித்த கையுறை ஒரு ஜோடி. மேசைமேல் மூன்று ஜிபிஎஸ் கருவிகள். சைக்கிளின் கைப்பிடியில் பொருத்திக்கொண்டு மலைக்காட்டுக்குள் போனால், எவ்வளவு தூரம், எவ்வளவு ஏற்றம், எந்த வளைவு என்று சொல்லும் ஜாதி. மூன்றில் எத்தனை உயிரோடு திரும்பும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. கடைக்காரர் மட்டும் வாளியை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

தராசுக்காரர் என்பது ஊர் வைத்த பெயர். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது அவர் உத்தியோகம். முப்பத்தொரு வருட சர்வீஸ். ஐந்து கிராம் குறைந்தாலும் மளிகைக்காரர்களை நடுங்க வைத்தவர். ஊரில் அவர் பிடிக்காமல் விட்ட பொய்க்கணக்கு ஒன்றே ஒன்றுதான். அது அவருடைய சொந்தக் கணக்கு.

ஆறு மாதத்துக்கு முன்னால் டாக்டர் அவருடைய ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு உடம்பை அசைக்கச் சொன்னார். தராசுக்காரர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. நடப்பது கிழவர்கள் வேலை என்று அறிவித்துவிட்டு, தடித்த டயர் வைத்த மலை சைக்கிள் ஒன்று வாங்கினார். ஞாயிறுதோறும் மச்சினனோடு ஊருக்கு வெளியே இருக்கும் மலையில் ஏறுவதாகத் தீர்மானம். கல்லும் மண்ணுமான தடம். இருபத்துமூன்று வளைவு. மனைவியும் பெரிய மனது பண்ணினாள். காலை ஆறு முதல் பதினொன்று வரை மெய்யாகவே மலையேறுவதானால், ஞாயிற்றுக்கிழமை வேலையிலிருந்து அவருக்கு விடுதலை என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வேலை என்றால் ஜன்னல் துடைப்பது. வீட்டில் ஒன்பது ஜன்னல். ஜன்னலுக்கு நான்கு கண்ணாடி. ஆக முப்பத்தாறு.

முதல் ஞாயிறு அவர் இரண்டு வளைவு ஏறினார். மூன்றாவதில் சைக்கிள் போகத் தயாராகத்தான் இருந்தது, அவர்தான் தயாராக இல்லை. அடுத்த ஞாயிறிலிருந்து அந்த இரண்டையும் எதற்கு வீணாக்குவது என்று விட்டுவிட்டார். மலையடிவாரத்தில் ஒரு பேக்கரி இருந்தது. வாசலில் மரநிழலில் நீளமான பெஞ்சு. மச்சினன் மேலே போவான். இவர் பெஞ்சில் உட்கார்ந்து வெண்ணெய் பன்னும் டீயுமாக மலையைக் கவனித்துக்கொள்வார். பேக்கரிக்குப் பக்கத்தில் ஒரு குழாய், குழாயடியில் சேறு. பதினோரு மணிக்குக் கிளம்பும்முன் அந்தச் சேற்றை எடுத்து இரண்டு முழங்காலிலும் பூசிக்கொள்வார். தொழில் புத்தி போகுமா? இரண்டு காலிலும் எடை பிசகாமல் பூசுவார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. வீட்டில் எடை பார்க்கும் மெஷின் ஒன்று இருந்ததுதான் தப்பு. ஆறு மாதத்தில் மூன்று கிலோ இருநூறு கிராம் கூடியிருந்தது. அந்த மெஷினுக்கு அவரே முத்திரை குத்தியிருந்தபடியால் அதைக் குறை சொல்லவும் வழியில்லை.

மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "மலையும் ஏறுறீங்க. எடையும் ஏறுது. இதுல எதுங்க பொய்?"

குத்தலாகக் கேட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பார். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் மாதிரி கேட்டாள். நான்கு மணி நேரப் பெஞ்சு, மரநிழல், பன் எல்லாம் கைநழுவிப் போய் முப்பத்தாறு கண்ணாடியும் வரிசையாகக் கண்முன் வந்து நின்றன. அன்றே ஒரு யோசனை பண்ணினார். அவரைப் பொறுத்தவரை அது உலகத்தரமான யோசனை.

ஒரு ஜிபிஎஸ் கருவி வாங்குவது. அதை மச்சினன் சைக்கிளில் மாட்டி மேலே அனுப்புவது. அவர் கீழே இருப்பார், அவருடைய கணக்கு மலையேறும். வீட்டுக்கு வந்து கருவியை மனைவி முன் வைத்தால் தூரம், ஏற்றம், வளைவு எல்லாம் அதுவே சாட்சி சொல்லும்.

ஒரே ஒரு சிக்கல். மச்சினன் மலையில் சராசரியாக மூன்று தடவை விழுவான். ஆகவே கருவி எதற்கும் உடையாததாக இருக்க வேண்டும். ஆறு மாதத்தில் ஒரு தடவைகூட விழாத தராசுக்காரர், 'விழுந்தாலும் உடையாதது வேண்டும்' என்று ஒற்றைக்காலில் நின்றதற்குக் காரணம் இதுதான்.

பதினொரு நாள் மனைவிக்குப் பாடம் எடுத்தார். வானத்தில் செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன என்பதில் தொடங்கி, அவற்றுக்கு நாம் இருக்கும் இடம் எப்படித் தெரிகிறது என்பது வரை தட்டையும் டம்ளரையும் நகர்த்தி நகர்த்தி விளக்கினார். அவள் முகத்தைக் கையில் தாங்கிக்கொண்டு கேட்டாள். இவ்வளவு இருக்கா என்று நடுநடுவே வியக்கவும் செய்தாள்.

அவள் ஒரு ரொட்டிக் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். தினமும் போக ஆறு கிலோமீட்டர், வர ஆறு கிலோமீட்டர், பழைய சைக்கிளில். அது உடற்பயிற்சியில் சேராது என்பது அவர் கட்சி. கம்பெனியில் அவள் பில் எழுதுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கம்பெனியின் முப்பத்தெட்டு வண்டிகளும் எங்கெங்கே ஓடுகின்றன என்று ஜிபிஎஸ் புள்ளிகளாகத் திரையில் பார்த்து, அவற்றை மேய்ப்பது அவள் வேலை. எந்தப் புள்ளியாவது ஒரே இடத்தில் பதினைந்து நிமிடம் நின்றால் ஓட்டுநருக்குப் போன் போகும். "பஞ்சரா, பசியா?" என்று இரண்டே வார்த்தை. மூன்றாவது காரணம் எதையும் அவள் ஏற்றுக்கொண்டதில்லை.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம்.

கடைக்காரர் கருவிகளைப் பெட்டியிலிருந்து எடுத்து, உடையாது, நனையாது என்று பெட்டியில் அச்சடித்திருப்பதை வாசித்துக் காட்டினார். அதுதான் அவர் செய்த பிழை. அச்சடித்ததையெல்லாம் நம்பினால் முத்திரை குத்த ஓர் உத்தியோகம் எதற்கு? தராசுக்காரர் கறுப்புக் கருவியை எடுத்து ஸ்டூல் உயரத்தில் பிடித்து, கையை விட்டார். கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். கருவிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அது விரலால் திரையைத் தடவி இயக்குவது. மலையில் கையுறை போட்டுத்தான் ஓட்ட வேண்டும், அடுப்பங்கரைக் கையுறை போட்டுத் தடவினால் அது ஏனென்று கேட்கவில்லை. கறுப்பு தள்ளுபடி.

சிவப்புக் கருவி ஐந்து தடவை விழுந்தும் சிரித்துக்கொண்டிருந்தது. வாளியில் போட்டார்கள். முப்பது நிமிடம் என்று கணக்கு. பதினோராவது நிமிடம் குமிழி வந்தது. எடுத்துத் துடைத்துப் பார்த்தால், எல்லோரும் நடுக்கடலில் இருப்பதாக வரைபடம் காட்டியது. கொஞ்ச நேரத்தில் அதையும் காட்டவில்லை.

"நனையாதுன்னு சொன்னீங்களே" என்றார் தராசுக்காரர்.

"மழையில நனையாது சார். வாளியைப் பத்திப் பெட்டியில எதுவும் போடலை" என்றார் கடைக்காரர், கருவியைக் கர்ச்சீப்பில் சுற்றிக்கொண்டே.

மூன்றாவது, பச்சை ரப்பர் உறை போட்டது. பார்க்கச் சோப்புக்கட்டி மாதிரி இருந்தது. விழுந்தது, எழுந்தது. முப்பது நிமிடமும் வாளிக்குள் கிடந்து, வெளியே வந்ததும் வீட்டு வாசலைச் சரியாகக் காட்டியது. அதுவரை வாய் திறக்காத மனைவி அப்போதுதான் கிட்டே வந்தாள். கையுறையைப் போட்டுக்கொண்டு பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். பட்டன் எல்லாம் இடது பக்கம் இருந்தது அவளுக்குப் பிடித்திருந்தது. ஜன்னலோரம் வெயிலில் நீட்டி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுத்தைப் படித்தாள். அவள் இடதுகைக்காரி. வலதுகைக்காரரான தராசுக்காரர் அதையெல்லாம் பெண்புத்தி என்று பெருந்தன்மையாக மன்னித்தார்.

"கீழே விழுந்தா இது யாருக்காவது சொல்லுமா?" என்று கடைக்காரரைக் கேட்டாள்.

சொல்லும் என்றார் அவர். ஒரு போன் நம்பர் கொடுத்துவிட்டால், ஓட்டுகிறவர் விழுந்த இடத்தோடு அந்த நம்பருக்குத் தகவல் போய்விடும். யார் நம்பர் போடலாம் என்று கேட்டார். மனைவி எதிரே நிற்கும்போது வேறு யார் நம்பரைச் சொல்வது? தராசுக்காரர் அவள் நம்பரைச் சொன்னார்.

கடைக்காரர் போனதும் மச்சினனை மாடிப்படிக்குக் கீழே தள்ளிக்கொண்டு போனார். அந்த வசதியை உடனே நிறுத்தச் சொன்னார். மச்சினன் நாலு பட்டனை அழுத்தினான். "அணைச்சுட்டேன் மாமா. இனி நான் தலைகீழா விழுந்தாலும் அது வாயைத் திறக்காது" என்றான்.

மறுநாள் ஞாயிறு. சைக்கிளை எடுக்கும்போது சீட்டு இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது அவர் கண்ணில் பட்டது. கடந்த ஒரு மாதமாக இப்படித்தான். தன் மூன்று கிலோ இருநூறு கிராமுக்கு அது அமுங்கிவிட்டது என்று நினைத்து, பாவப்பட்டு, ஏற்றி வைத்துக்கொண்டார்.

ஏழு மணிக்கு அடிவாரம். பச்சைக் கருவி மச்சினன் சைக்கிளுக்கு மாறி மலையேறியது. அவர் பெஞ்சுக்கு மாறினார். முதல் பன் அமைதியாக முடிந்தது. இரண்டாவது பன்னில் பாதி இருக்கும்போது, எட்டு ஐந்துக்கு, போன் அடித்தது. மனைவி.

பன்னை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கி, மூச்சு வாங்குவது போல் இரண்டு தடவை ஊதிவிட்டு எடுத்தார்.

"எங்க இருக்கீங்க?"

"பதினேழாவது வளைவு. செங்குத்தா ஏறுது. பேச முடியலை."

"விழுந்துட்டீங்களா?"

"நானா? நான் என்னிக்கு விழுந்திருக்கேன்?"

"அதானே. உங்க மெஷின் மட்டும் பதினாலாவது வளைவுல விழுந்து கிடக்காம். தகவல் வந்திருக்கு. அது கீழே விழுந்து கிடக்க, நீங்க மூணு வளைவு மேல நின்னு மூச்சு வாங்குறீங்க. எனக்குப் புரியலை. செயற்கைக்கோள் பாடத்துல இது வரலையே."

தராசுக்காரர் பன்னை விழுங்கினார்.

"சரி, திரும்பிப் பாருங்க" என்றாள்.

திரும்பினார். பின்னால் ரொட்டிக் கம்பெனி வண்டி நின்றது. எண் இருபத்தேழு. அந்த வண்டி ஞாயிறுதோறும் அதே பேக்கரியில் பன் இறக்குவதை ஆறு மாதமாக அவர் பார்த்திருக்கிறார். ஓட்டுநருக்குத் தலையாட்டியும் இருக்கிறார். தான் தின்பது மனைவியின் கம்பெனி பன் என்பதை மட்டும் யோசித்ததில்லை. ஓட்டுநர் தட்டோடு கிட்டே வந்து, கூச்சத்தோடு நின்றார்.

"மேடம் கேக்கச் சொன்னாங்க சார். ஒரு மணி நேரமா நின்னுட்டே இருக்கீங்களாம். பஞ்சரா, பசியா?"

கொஞ்ச நேரத்தில் மச்சினன் இறங்கி வந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. தராசுக்காரர் அவனை முறைத்தார்.

"நான் விழலை மாமா" என்றான். "அக்காதான் பதினாலாவது வளைவுல சைக்கிளைத் தூக்கிக் கீழே போடச் சொன்னா. நீங்க திட்டம் சொன்ன அன்னிக்கே அவ சாதம் போட்டுக்கிட்டே கேட்டா. ரெண்டாவது கரண்டிக்குள்ள சொல்லிட்டேன்."

"அணைச்சுட்டேன்னு சொன்னியேடா."

"விளக்கைத்தான் அணைச்சேன் மாமா. திரையில ஒரு விளக்கு எரியுமே, அது."

வீட்டில் சண்டை ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் பச்சைக் கருவியைக் கழுவித் துடைத்து, கீறல் இல்லை என்று பார்த்துத் திருப்தியானாள். இருபத்துநாலு ஞாயிற்றுக்கிழமையில் அறுபத்தெட்டு பன் என்று இருபத்தேழாம் எண் ஓட்டுநர் வைத்திருந்த கணக்கைச் சொன்னாள். அவர் வாயெடுப்பதற்குள், சேறு பூசாமல் வந்ததால் இன்றைக்குத் துண்டு அழுக்காகாது என்று நன்றியும் சொன்னாள்.

"இதெல்லாம் முதல்லயே தெரிஞ்சிருந்தா, எதுக்கு என்னை இதை வாங்க விட்டே?" என்று கேட்டார்.

"எனக்கு ஒண்ணு வேணும்னு இருந்துச்சுங்க. எது நல்லதுன்னு எனக்குத் தேர்ந்தெடுக்கத் தெரியாது. உங்களை மாதிரி ஸ்டூல்ல இருந்து போட்டு, வாளியில ஊற வெச்சுப் பாக்க யாருக்குங்க பொறுமை இருக்கு?"

சனிக்கிழமை மதியங்களில், அவர் சந்தைத் தராசுகளைச் சோதிக்கப் போகும் நேரத்தில், அவருடைய சைக்கிளிலேயே தம்பியோடு பத்தாவது வளைவு வரை அவள் ஏறிப் பழகியிருந்தாள். சீட்டு அமுங்கிய ரகசியம் அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

அடுத்த ஞாயிறு ஆறு மணிக்கு அவளும் தம்பியும் கிளம்பினார்கள். சீட்டு இரண்டு விரற்கடை இறங்கியே இருந்தது. இவர் கையில் ஒரு துணியும், பழைய செய்தித்தாளும், அதே வாளியும். மாடியில் முதல் ஜன்னலில் மூன்று கண்ணாடி துடைத்தார். பிறகு ஜன்னல் விளிம்பிலேயே உட்கார்ந்து தூரத்து மலையைப் பார்த்தார். போனில் தகவல் வந்தது. இருபத்துமூன்று வளைவு, விழுந்தது பூஜ்யம்.

அவர் அதைப் படித்துவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். தெருவில் ஒரு வண்டி வந்து நின்றது. எண் இருபத்தேழு. ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, மாடியைப் பார்த்தார். அவர் வாய் திறப்பதற்குள் தராசுக்காரர் துணியைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்தார்.

மீதி முப்பத்துமூன்று.